தேகபுஷ்டி சங்கத்தின் நிறுவை விழா

கொப்பரை விலை படுத்துவிட்ட அந்த மந்த காலத்தில் பினாங்கு முதலாளிமார்களுக்கு வேலை குறைந்தது. வேலை குறைந்ததால் இரக்கம் கூடியது. இரக்கம் கூடிய முதலாளிகள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஒரு சங்கம் பிறக்காமல் போகாது. அப்படிப் பிறந்ததுதான் ஜார்ஜ் டவுன் நெஞ்சு நோயாளர் தேகபுஷ்டி சங்கம்.

அதற்கு வித்து போட்டவர் எங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கிய ஒரு வெள்ளைக்கார டாக்டர். நாள்பட்ட நெஞ்சு நோயில் மெலிந்தவன் முதலில் போய்விடுகிறான், உடம்பில் சதை உள்ளவன் தாக்குப்பிடிக்கிறான் என்று அவர் ஒரு கூட்டத்தில் பேசினார். அப்படிப்பட்டவனுக்கு மூச்சு விடுவதே கல் உடைக்கிற வேலை, அந்த வேலைக்குத் தகுந்த சாப்பாடு வேண்டும் என்றார். வயிறு முட்டத் தின்றால் அந்த வயிறே மூச்சை அமுக்கிவிடும், ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும், உடம்பு பருப்பதெல்லாம் சதை என்று நம்பிவிடக் கூடாது என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் பின்கட்டில் கறிபாப்புப் பலகாரமும் தேத்தண்ணியும் வந்துவிட்டபடியால் முன்வரிசையில் இருந்த நம்மவர்கள் எழுந்து போயிருந்தார்கள். சங்கத்தின் வைத்திய ஞானம் முழுவதும் கறிபாப்புக்கு முந்தியது.

கொப்பரை வியாபாரி அப்துல் ஹமீது தலைவரானார். அரசாங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து அப்புத்துரை செயலாளரானார். விதியில் எழுதப்படாத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்பது அவருடைய கொள்கை. ஆயர் ஈத்தாம் போகிற சாலையில் இரும்பு கேட்டு போட்ட ஒரு பங்களாவைப் பிடித்தார்கள். கூடத்தின் நடுவே தலைவருடைய கிடங்கிலிருந்து கொண்டுவந்த பெரிய தராசைத் தொங்கவிட்டார்கள். ஒரு தட்டில் இரும்புக் கல், மறு தட்டில் நோயாளி. சில நாள் தட்டில் கொப்பரைத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்துத்தான் நிறுத்தார்கள்.

ஷேக் அலாவுதீன் சூலியா தெருவில் ஒரு சோற்றுக்கடையின் சமையல்காரர். ஜன்னல் இல்லாத பின்கட்டில், விறகடுப்பின் முன்னால், இளமை முழுவதையும் கழித்தவர். ஊருக்கெல்லாம் மீன்தலைக் கறி கொடுத்த அடுப்பு அவருக்குப் புகையைக் கொடுத்தது. முதலில் இருமினார். பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு சட்டை போடுவதற்கே இளைத்தது. நெஞ்சுக்கூடு பீப்பாய் மாதிரி எழும்பி நிற்க, கையும் காலும் குச்சியாகிப் போயின. ராத்திரி படுத்தால் மூச்சு அடைக்கும். அவர் மனைவி சித்தி ஹாஜரா அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தன் முதுகைச் சாய்மானமாகக் கொடுப்பாள். கஞ்சியை அரைக் கிண்ணம், அரைக் கிண்ணமாக நாள் முழுக்க ஊட்டுவாள். ஒரே மூச்சில் முழுக் கிண்ணம் கொடுத்தால் மனிதர் நீலம் பாரித்துப் போகிறார் என்பது அவளுக்குப் பார்த்துத் தெரிந்தது.

கடைக்காரர் ஆளை நிறுத்திவிட்ட பிறகு கஞ்சிக்கும் வழியில்லாமல் போயிற்று. சங்கத்தில் பாலும் முட்டையும் கறியும் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஹாஜரா அவரை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனாள்.

"உம்மட எடை என்ன?" என்று கேட்டார் அப்புத்துரை.

"தெரியாதுங்கய்யா."

"எடை தெரியாமல் எப்பிடி நோய் வந்தது?"

அலாவுதீன் ஹாஜராவின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"கேளும். நூறு ராத்தலுக்குக் கீழே எண்டால் சேர்க்க ஏலாது. நீர் செத்துப் போவீர், சங்கத்துக்குக் கெட்ட பேர். நூற்றிருபதுக்கு மேலே எண்டாலும் சேர்க்க ஏலாது. அப்ப உமக்கு நோயே இல்லை."

தட்டில் ஏற்றினார்கள். நூறுக்கு இரண்டு குறைந்தது. ஹாஜரா யாரையும் கேட்காமல் அவரைக் கைத்தாங்கலாகக் குழாயடிக்குக் கூட்டிப் போய், வயிறு கொள்ளுமட்டும் தண்ணீர் குடிக்க வைத்துத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றினாள். கல் சமமாக நின்றது. அப்புத்துரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று விதியில் இல்லை.

"இனி நீங்கள் போகலாம்" என்றார் ஹாஜராவிடம். "உறவுக்காரர் உள்ளே வர அனுமதியில்லை. உறவைக் கண்டால் நோயாளி அழுவார். அழுதால் எடை குறையும்."

"ராவைக்கு அவருக்கு முதுகு கொடுக்க ஆள் வேணும்ங்கய்யா. படுக்க முடியாது."

"முதுகு கொடுக்கிறதுக்கு விதியில்லை" என்றார் அப்புத்துரை. கேட்டு சாத்தப்பட்டது.

சங்கத்தில் நாளுக்கு இரண்டு வேளை சாப்பாடு. ஒவ்வொரு வேளையும் கல்யாண விருந்து. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, முட்டை, மேலே ஒரு சொம்பு பால். மணி அடித்து மணி அடிப்பதற்குள் தட்டு காலியாக வேண்டும். நாலு கவளத்துக்கு மேல் அலாவுதீனுக்கு மூச்சு முட்டியது. மென்றால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் மெல்ல முடியவில்லை. சற்று நிறுத்தினால், கையில் பிரம்புடன் உலாவுகிற காவலாளி கமால் பக்கத்தில் வந்து நிற்பான்.

"மக்கான், அண்ணே, மக்கான்! சாப்பாட்டைப் பாத்துக்கிட்டு இருந்தா சதை வருமா லா?"

இருமுவது தடை. இருமினால் சதை கரையும் என்று தலைவர் கண்டுபிடித்திருந்தார். நடப்பதும் தடை. வேளைக்கு வேளை உப்புக் கருவாடு கட்டாயம். தின்றால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பான், தண்ணீரைவிட மலிவாக எடை தருவது எது? கொப்பரை வியாபாரியின் மூளை சும்மா இருக்குமா?

சனிக்கிழமை நிறுவை. எடை கூடினவனுக்கு அடுத்த வாரம் கூடுதல் சாப்பாடு. எடை குறைந்தவனுக்குச் சாப்பாட்டில் பாதி வெட்டு. இதைத் தலைவரே தம் வாயால் நோயாளிகளுக்கு விளக்கினார்.

"நா ஒரு வியாபாரி. லாபம் தர்ற சரக்குல பணம் போடுவேன். நட்டம் தர்ற சரக்குல மேல மேல கொட்டுனா என்னைப் பைத்தியம்பாங்க. மெலியுறவனுக்குச் சோறு போடுறது வீண் செலவுங்க. தேறுறவனுக்குப் போடுறது தருமம்."

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டாவிட்டால் முட்டை கிடையாது.

அலாவுதீனுக்குப் பக்கத்துக் கட்டிலில் சுங்கை பாக்காப் தோட்டத்து அர்ஜுனன் இருந்தான். அவன் வந்த முதல் சனிக்கிழமை ஒரு ராத்தல் குறைந்தான். சாப்பாடு பாதியானது. அடுத்த சனிக்கிழமை மூன்று குறைந்தான். பாதியில் பாதியானது. "நன்றி கெட்டவர்" என்று அப்புத்துரை அவனைக் கூடத்தில் நிற்க வைத்துத் திட்டினார். அலாவுதீன் தன்னால் தின்ன முடியாத சோற்றை மடியில் மறைத்து அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கமால் பிடித்துவிட்டான். ஒருவனுடைய எடையை இன்னொருவனுக்குக் கடத்தினதாக இருவர் மேலும் குற்றம் எழுதப்பட்டது.

அந்த வாரமே அர்ஜுனன் செத்தான். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு செத்தான். அவனுக்காக அழவும் அலாவுதீனுக்குப் பயமாக இருந்தது.

நிர்வாகக் கூட்டத்தில் அப்புத்துரை எழுந்து ஒரு நற்செய்தி சொன்னார். மிகவும் மெலிந்த ஒருவர் கழிந்தபடியால் சங்கத்தின் சராசரி எடை ஒரே நாளில் இரண்டு ராத்தல் ஏறிவிட்டது. பத்து மாதம் நெய்யும் பாலும் கொட்டிக் காணாத முன்னேற்றம் அது. "இன்னும் மெலிஞ்ச இரண்டு பேர் இருக்கினம். அவையள் போனால் நாங்கள் சிங்கப்பூர்ச் சங்கத்தை முந்திவிடுவம்" என்றார். கூட்டம் அதைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

இதற்கிடையில் அலாவுதீனின் கால் வீங்கியது. முதலில் பாதம், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் வரைக்கும். சனிக்கிழமை தட்டில் ஏறினார், நாலு ராத்தல் கூடியிருந்தது. கூடத்தில் கைதட்டல் காதைப் பிளந்தது. அவருக்கோ குந்தி உட்காரவே முடியவில்லை. வயிறு நெஞ்சில் ஏறி இடித்தது. உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

"பாத்தீங்களா, முகத்துல ஒரு களை வந்துருக்கு" என்றார் தலைவர்.

வாரத்துக்கொரு தடவை வந்துபோகும் டாக்டர் விநாசித்தம்பி குனிந்து அலாவுதீனின் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"என்ன டாக்டர்?" என்றார் தலைவர்.

"நீர் கோத்திருக்குது. சோர்ந்துபோன நெஞ்சால இரத்தத்தைத் தள்ள ஏலாமல் கால்ல இறங்குது. உப்பை நிப்பாட்ட வேணும். இது சதை இல்லை."

தலைவர் சிரித்தார். தம் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக் கொப்பரையையும் நகத்தால் கீறிப் பார்த்து, ஈரத்துக்கென்று நூற்றுக்குப் பத்து கழிக்காமல் அவர் ஒருநாளும் வாங்கினதில்லை.

"கொப்பரையில தண்ணி இருந்தா அது மோசடி டாக்டர். மனுசன்ல இருந்தா அது தேகபுஷ்டி. தராசுக்கு என்ன தெரியும், தண்ணியா சதையான்னு? அடுத்த மாசம் ஆண்டு விழா. அரசாங்கத்துத் துரை வர்றாரு. நம்மகிட்ட தேறுன ஆள் இவன் ஒருத்தன்தான்."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். "விதியில எடை எண்டுதான் இருக்கு. எடை எதால ஆனது எண்டு இல்லைத்தான்" என்றார். அவருடைய மகனுக்குத் தலைவரின் கிடங்கில் ஒரு வேலைக்கு ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. இதை நான் வேறு எதற்காகவும் சொல்லவில்லை.

ஹாஜரா நாள்தோறும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். ஒரு நாள் முற்றத்தில் உட்கார வைத்திருந்த புருஷனின் காலைப் பார்த்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"என்னாங்க, அது வீக்கம்ங்க! ஐயா, கதவத் தொறங்க! நா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்! உங்க பாலும் வேணாம், முட்டையும் வேணாம்!"

அப்புத்துரை கேட்டருகே வந்தார். "எடை குறைகிறவரைத்தான் வெளியே அனுப்பலாம், அம்மா. கூடுகிறவரை அனுப்ப விதியில்லை. உங்கட புருஷன் குறைந்தால் உடனே கூட்டிக்கொண்டு போங்கோ."

அலாவுதீனுக்குக் கடைசியில் ஒரு வழி கிடைத்துவிட்டது. எடை குறைந்தால் வீடு. அன்றிலிருந்து அவர் சாப்பாட்டை நிறுத்தினார். வாய்க்குள் போட்டதைக் கமால் திரும்பினதும் துப்பினார். கன்னம் ஒட்டியது, தோள் எலும்பு சட்டையைக் குத்தியது. வீடு போய்ச் சேர்ந்தால் போதும், ஹாஜராவின் முதுகில் சாய்ந்து ஒரு ராத்திரி தூங்கினால் போதும் என்று பசியைத் தாங்கிக்கொண்டார். சனிக்கிழமை மிகுந்த நம்பிக்கையோடு தட்டில் ஏறினார்.

ஐந்து ராத்தல் கூடியிருந்தது.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டில் கொப்பரைத் தூள் கிடக்கிறதோ என்று கையால் தடவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. காலில் கோத்த நீர் தொடையும் வயிறும் ஏறித் தளதளத்துக் கொண்டிருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரமும் பட்டினி கிடந்தார். இன்னும் ஆறு கூடியது.

அவர் சாப்பிடுவதில்லை என்பதைக் கமால் ஒருவழியாகக் கண்டுபிடித்து மேலே தெரிவித்தான். அடி விழும் என்று அலாவுதீன் நடுங்கினார். அடி விழவில்லை. நிர்வாகம் அவசரமாகக் கூடியது.

"ஒண்டும் தின்னாமல் பதினொரு ராத்தல்!" என்றார் அப்புத்துரை. "கனவான்களே, இவ்வளவு காலமும் நாங்கள் சாப்பாட்டுக்குச் செலவழிச்சது பிழை எண்டு இந்த மனுசன் காட்டிவிட்டார்."

மறுநாளே மற்ற நோயாளிகளின் நெய்ச்சோறும் கறியும் நின்றன. காலையில் ஒரு துண்டு கருவாடு, பிறகு தாகத்துக்குத் தண்ணீர். இதற்கு அலாவுதீன் முறை என்று பெயர் வைத்தார்கள். மற்ற நோயாளிகள் அலாவுதீனைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரையும் கெடுக்க நினைத்தவரில்லை அவர்.

ஆண்டு விழா வந்தது. வாசலில் வாழைமரம், கூடத்தில் காகிதத் தோரணம், தராசுத் தட்டுக்குச் சுற்றிலும் மல்லிகைச் சரம். துரை மனைவியோடு வந்து முன்னால் உட்கார்ந்தார். கேட்டுக்கு வெளியே ஊர் திரண்டு நின்றது. அதில் ஹாஜராவும் நின்றாள்.

அலாவுதீனைப் புதுச் சட்டை போட்டு, மாலை போட்டு, நாலு பேர் தூக்கித் தட்டில் குந்தவைத்தார்கள். தட்டு தரையிலிருந்து எழும்பியது. நூற்று முப்பத்தொன்று என்று அப்புத்துரை அறிவித்தார். துரை கைதட்டினார். இறக்கிவிடுவார்கள் என்று அலாவுதீன் காத்திருந்தார். தலைவர் பேச எழுந்தார்.

"இந்த மனுசன் வந்தப்ப எலும்பும் தோலுமா வந்தாரு. இன்னைக்குப் பாருங்க! வேற ஊர்ல மருந்து குடுக்குறாங்க, ஊசி போடுறாங்க. நம்ம சங்கத்துல அதெல்லாம் சுசா, வீண் தொல்லை. நாங்க ஒரு தராசு மட்டும்தான் வச்சிருக்கோம். நோயாளி என்ன சொல்றான்னு நாங்க கேக்குறதே இல்லீங்க. அவன் வாய் பொய் சொல்லும். தராசு பொய் சொல்லாது. நாப்பது வருசமா தராசு பிடிச்ச கை இது, எனக்குத் தெரியாதா..."

பேச்சு நீண்டது. குந்தியிருந்த அலாவுதீனின் வயிறு நெஞ்சை நெரித்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது உள்ளே போக இடமில்லை. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கேட்டின் கம்பிகள் தெரிந்தன. கம்பிக்குப் பின்னால் ஹாஜராவின் முக்காடு தெரிந்தது. கையை அசைத்து, 'வா' என்று காட்டப் பார்த்தார். அவர் எல்லாரையும் வாழ்த்துவதாக நினைத்துக் கூட்டம் ஆரவாரம் செய்தது.

பேச்சு முடிந்ததும் படம் எடுக்க ஏற்பாடாகியிருந்தது. தராசைச் சுற்றி மற்ற நோயாளிகளை நிறுத்தினார்கள். சீனப் படக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஏதோ சொன்னான். அப்புத்துரை அதை எடுத்துச் சொன்னார்.

"ஒருத்தரும் இருமக் கூடாது. அசையக் கூடாது. நான் சொல்லும் வரைக்கும் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருங்கோ."

மூச்சு விட முடியாத காரணத்துக்காகச் சேர்க்கப்பட்ட அத்தனை பேரும் மூச்சை அடக்க முயன்றார்கள். ஒருவன் இருமினான், அவனைப் பார்த்து இன்னொருவன் இருமினான், படம் கெட்டது. படக்காரன் தலையில் அடித்துக்கொண்டு வேறு தகடு போட்டான். மறுபடியும் இருமல், மறுபடியும் கெட்டது. அப்புத்துரைக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெட்கமில்லையோ உங்களுக்கு! அலாவுதீனைப் பாருங்கோ. சொன்னது சொன்னபடி இருக்கிறார். ஒரு அசைவு இல்லை!"

எல்லாரும் பார்த்தார்கள். மாலைக்கு மேலே தலை சற்றுச் சாய்ந்து, கண் திறந்தபடி, அவர் சொன்னது சொன்னபடி இருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கப்சிப்பென்று நின்றுவிட, அந்தப் படம் மட்டும் மிக நன்றாக விழுந்தது.

"சரி, இறங்கலாம்" என்றார் அப்புத்துரை.

அலாவுதீன் இறங்கவில்லை. டாக்டர் விநாசித்தம்பி போய் நாடியைப் பார்த்துவிட்டுத் தலைவரின் காதில் சொன்னார். தலைவர் உடனே தராசு முள்ளைத்தான் பார்த்தார். முள் அசையாமல் நின்றது. தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நிறுத்ததுக்குப் பொறவுதானே மவுத்து? எடையில ஒரு அவுன்ஸ் குறையலையே?"

"குறையவில்லை" என்றார் அப்புத்துரை. "விதிப்படி குணமடைந்தவர்."

வெளியே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. ஹாஜரா கேட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். கமால் செயலாளரைத் திரும்பிப் பார்த்தான். அப்புத்துரை ஒரு கணம் யோசித்தார். உறவுக்காரருக்கு அனுமதி மறுக்கிற விதி நோயாளியைப் பற்றியது. இவர் இனி நோயாளி அல்ல.

"திற" என்றார். "இப்ப வரலாம்."

அவள் ஓடிவந்தாள். துரையையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றி எறிந்தாள். குந்திய நிலையிலேயே இருந்த உடம்பைத் தனியாளாகத் தட்டிலிருந்து இழுத்துத் தரையில் போட்டாள். பழக்கத்தில் அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முதுகைக் கொடுத்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக விலகி, தலையைக் கையில் தாங்கி, மெல்ல மெல்ல அவரை மல்லாக்கச் சாய்த்தாள்.

"படுங்க" என்றாள். "இனிமே படுக்கலாம்ங்க."

தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. துரைக்கு அடுத்து என்ன நிகழ்ச்சி என்று தெரியவில்லை, நாற்காலியில் நெளிந்தார். தலைவர் கண் காட்டினார். அப்புத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்.